நாட்கணக்கும் நியாயக் கணக்கும்

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

வேலையில்லாத் திண்டாட்டம் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவன், பட்டச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் வாசலில் காத்திருக்கும் இளைஞன்தான். பட்டிமன்றங்களிலும் கவியரங்குகளிலும் நாம் பேசுவது அவனைப் பற்றித்தான். அவன் துயரம் பெரிதே, அதில் ஐயமில்லை. நாளை நாமும் அவனாக நிற்கப் போகிறவர்கள்தாம். ஆயினும் அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவரும் நிற்கிறார். அவருக்கு வயது நாற்பத்தைந்தோ ஐம்பதோ இருக்கும். இருபது ஆண்டு உழைத்தவர். ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போய், ஆலையின் கதவு சாத்தியிருக்கக் கண்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே வீடு திரும்பியவர். வேலை கிடைக்காதவனைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், வேலையை இழந்தவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவருக்குச் சட்டம் தருவதாகச் சொல்லும் உதவி, ஏழெட்டு நாள் கணக்கில் தட்டிப்போகும் கொடுமையைப் பற்றி எழுதவே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழைத்த நாள் போதவில்லை என்று காட்டி வேலையிழப்பு உதவியை முற்றாக மறுக்கும் முறை திருத்தப்பட வேண்டும். திருத்தப்படும் வரையில், அவ்வாறு மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் முறையீடு செய்தே தீர வேண்டும். காரணங்களைக் கீழே வரிசைப்படுத்துகிறேன். பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் அவற்றை எடைபோட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

உதவி வளர்ந்த வரலாறு

வேலை இழந்தவனுக்கு உதவி என்பது இரக்கத்தால் பிறந்ததன்று. காப்பீட்டுக் கணக்கால் பிறந்தது. இங்கிலாந்தில் 1911ஆம் ஆண்டு நிறைவேறிய தேசியக் காப்பீட்டுச் சட்டம் சில குறிப்பிட்ட தொழில்களில் இருந்தவர்களுக்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு அதிக அளவாக 15 வாரம் வழங்க வகை செய்தது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் அதற்குப் பணம் செலுத்தினர். 1942இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை பிணி, முதுமை, வேலையின்மை ஆகிய எல்லாவற்றையும் ஒரே குடைக்கீழ்க் கொண்டுவரப் பார்த்தது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் அக்கருத்து வேரூன்றியது. 1943இல் பேராசிரியர் பி. பி. அடார்க்கர் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். 1944இல் தம் அறிக்கையை அளித்தார். அதன் வழியே பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். நாம் இ.எஸ்.ஐ. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955இல் கோயம்புத்தூருக்கு வந்தது. பஞ்சாலை நகரம் ஆதலால் நம் மாநிலத்தில் அதற்கே முதலிடம் கிடைத்ததில் வியப்பில்லை.

நோய்க்கு உதவி, மகப்பேற்றுக்கு உதவி, வேலையில் விபத்து நேர்ந்தால் உதவி என்று அச்சட்டம் பலவற்றைத் தந்தது. வேலை போனால் உதவி என்பது மட்டும் அதில் இல்லை. 57 ஆண்டு கழித்து, 2005 ஏப்ரல் 1 முதல்தான் ராஜீவ் காந்தி பெயரிலான திட்டம் வந்தது. ஆலை மூடப்பட்டாலோ ஆட்குறைப்பு நேர்ந்தாலோ கூலியில் ஒரு பங்கைச் சில மாதங்களுக்குத் தரும் திட்டம் அது. பின்னர் 2018 ஜூலை 1 முதல் அடல் பெயரிலான மற்றொரு திட்டம் வந்தது. வேலை இழந்தவருக்குச் சராசரி வருவாயில் 25 விழுக்காட்டை, அதிக அளவாக 90 நாளுக்குத் தருவது அதன் நோக்கம். கொரோனா காலத்தில், 2020இல், அந்த விழுக்காடு 50 ஆக உயர்த்தப்பட்டது. முதலாளியின் கையொப்பத்துக்குக் காத்திராமல் தொழிலாளியே நேரில் விண்ணப்பிக்கலாம் என்ற தளர்வும் வந்தது. அத்தளர்வைக் கொண்டு வந்தவர்களைப் பாராட்டவே வேண்டும்.

எழுபத்தெட்டு என்னும் எண்

இனி வருவதுதான் சிக்கல். இ.எஸ்.ஐ. கணக்கில் ஆண்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு சந்தாக் காலம். 2018இல் வந்த விதிப்படி, வேலை போவதற்கு முந்திய நான்கு சந்தாக் காலங்களில் ஒவ்வொன்றிலும் 78 நாளுக்குக் குறையாமல் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். 2020இல் இது சற்றுத் தளர்ந்தது. கடைசிக் காலத்தில் 78 நாள், அதற்கு முந்திய மூன்றில் ஏதேனும் ஒன்றில் 78 நாள் இருந்தால் போதும் என்றனர்.

ஆறு மாதத்தில் 78 நாள் என்பது பெரிய எண்ணா என்று கேட்கத் தோன்றும். ஆலை நன்றாக ஓடும்போது அது பெரிய எண் அன்று. மூன்று மாதத்திலேயே எட்டிவிடலாம். ஆனால் எந்த ஆலையும் ஒரே நாளில் படுத்துவிடுவதில்லை. முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு மூன்று ஷிப்ட் இரண்டாகும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை நான்காகும், மூன்றாகும். அதன் பிறகுதான் கதவு சாத்தப்படும். எவருக்கு உதவி மிகவும் தேவைப்படுகிறதோ, அவருக்குக் கடைசி ஆறு மாதத்தில்தான் நாட்கள் மிகவும் குறைந்திருக்கும். நோயாளி மெலிந்துவிட்டான், ஆகவே மருந்து தர முடியாது என்று சொல்வதைப் போன்றதன்றோ இது?

மேலும், 78 நாள் உள்ளவருக்கு முழு உதவி. 77 நாள் உள்ளவருக்கு ஒன்றுமே இல்லை. அந்த ஒரு நாளில் அவர் அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்?

எங்கள் வீட்டில் நடந்தது

இதை நான் நூலகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. என் தந்தையார் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் சைடராக இருந்தவர். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்த ஆலையில் வேலை குறைந்தது. வாரத்துக்கு மூன்று ஷிப்ட் கிடைத்தால் பெரிது. 2023 ஏப்ரலில் அதுவும் நின்றது. நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த நேரம் அது.

தந்தையார் உதவி கேட்டு விண்ணப்பித்தார். இரண்டாண்டில் அவர் பெற்ற மொத்தக் கூலி 2,19,000 ரூபாய். விதிப்படி அதை 730ஆல் வகுத்தால் நாளுக்கு 300 ரூபாய். அதில் பாதி 150. தொண்ணூறு நாளுக்கு 13,500 ரூபாய். பெரிய தொகை அன்றுதான். ஆனால் மூன்று மாத மளிகைக் கடனையும் வீட்டு வாடகையையும் தீர்க்கும் தொகை. விடையாக வந்தது: கடைசிச் சந்தாக் காலத்தில் 73 நாள்தான் பதிவாகியிருக்கிறது; 5 நாள் குறைவு; ஆகவே தகுதியில்லை.

“நாள் கம்மியா இருக்குதுங்க. கம்ப்யூட்டர்ல என்ன இருக்குதோ அதைத்தானுங்க நாங்க பார்க்க முடியும்” என்றார் எழுத்தர். அவர் கடுமையாகப் பேசவில்லை. தந்தையாரும் “சரிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். திரும்பி வந்தவரிடம் என் தாய்மாமன் ஒரு கேள்வி கேட்டார்: “ஏனுங் மச்சான், தீவாளிக்கும் பொங்கலுக்கும் சம்பளத்தோட லீவு உட்டாங்கல்ல, அந்த நாளெல்லாம் எங்க போச்சுங்?”

அந்தக் கேள்விதான் வழியைக் காட்டியது. தந்தையார் தம் சம்பளச் சீட்டுகளை ஒரு துணிக்கடையின் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். ஆறு மாதச் சீட்டுகளையும் தரையில் பரப்பி நானும் மாமாவும் கணக்குப் பார்த்தோம். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல், குடியரசு நாள் ஆகிய நான்கு நாளுக்கும் விடுமுறைச் சம்பளம் தரப்பட்டிருந்தது. அக்காள் திருமணத்துக்கு எடுத்த மூன்று நாள் விடுப்புக்கும் சம்பளம் தரப்பட்டிருந்தது. ஆக 7 நாள். அந்த ஏழு நாள் சம்பளத்திலும் இ.எஸ்.ஐ. சந்தா பிடிக்கப்பட்டிருந்தது. பணத்தைப் பிடித்தவர்கள் நாளை மட்டும் எழுதவில்லை! எந்திரத்தின் முன் நின்ற நாளை மட்டுமே ஆலையின் டைம் ஆபீஸ் எண்ணி அனுப்பியிருக்கிறது. 73உடன் 7ஐக் கூட்டினால் 80. தேவையோ 78.

ஜூன் மாதம் முறையீட்டை எழுதினோம். ஆலைக்கும் ஒரு கடிதம் எழுதினோம். “ஏறினது ஏறினதுதான்” என்று முதலில் சொன்னவர்கள், இரண்டு நினைவூட்டலுக்குப் பிறகு, நவம்பரில் கணக்கைத் திருத்தி அனுப்பினார்கள். டிசம்பரில் பணம் வந்தது. அதற்குள் என் தாயாரின் தோடு அடகுக்குப் போயிருந்தது. தந்தையார் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். என் முதலாண்டுக் கட்டணத்தை மாமா கட்டியிருந்தார். நியாயம் கிடைத்தது, ஆனால் பசித்த வேளையில் கிடைக்கவில்லை.

அதே ஆலையில் வேலை இழந்த பலருக்கு இதே விடை வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சீட்டுகளை வைத்திருக்கவில்லை. முறையீடு செய்யவும் இல்லை. “அரசாங்கக் கணக்கில் தப்பு இருக்குமா” என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் இழந்த தொகையை எந்தப் புள்ளிவிவர நூலில் தேடுவது?

ஒரு நாள் என்பது எது?

ஒரு நாள் உழைப்பு என்பது எதைக் குறிக்கும்? இஃது எளிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் நம் நாட்டின் உச்ச நீதிமன்றமே இதை ஒருமுறைக்கு இருமுறை ஆராய்ந்திருக்கிறது.

தமிழகத்துத் தோட்டம் ஒன்றில் பணிபுரிந்த பெண் தொழிலாளி ஒருவருக்கு 12 வார மகப்பேற்று உதவி தரவேண்டியிருந்தது. நிர்வாகம் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்கு மட்டும் கணக்கிட்டது. அவர் கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு உயர் நீதிமன்றத்தையும் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. வாரம் என்றால் ஏழு நாள். ஞாயிறும் அதில் சேரும் என்று 1977இல் தீர்ப்பாயிற்று. தோட்டத்தில் உழைத்த ஒரு பெண்ணின் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அகராதியைப் புரட்டியது என்பதை நாம் பெருமையோடு நினைக்கலாம்.

1985இல் ஒரு வெளிநாட்டு வங்கியின் ஊழியர் தொடர்பான வழக்கில் இன்னும் தெளிவான தீர்ப்பு வந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டப்படி, ஆட்குறைப்பு இழப்பீடு பெற ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டியிருந்தது. நிலத்தடிச் சுரங்கத்தில் 190 நாள். இதில் ஞாயிறும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சேருமா என்பது கேள்வி. சேரும் என்றது உச்ச நீதிமன்றம். உண்மையில் அச்சட்டத்தின் 25பி பிரிவே தாராள மனம் படைத்தது. ஆலையே வேலை தராமல் நிறுத்தி வைத்த லே-ஆப் நாட்கள், சம்பள விடுப்பு நாட்கள், வேலையில் அடிபட்டுப் படுத்த நாட்கள், மகப்பேற்று விடுப்பு என யாவும் உழைத்த நாளாகவே அதில் எண்ணப்பட்டன. தொழிலாளி வரத் தயாராயிருந்தும் முதலாளி வேலை தராத நாளைத் தொழிலாளியின் கணக்கில் குறையாக எழுதுவது தகாது என்பதே அதன் உட்கருத்து.

வேலையிழப்பு உதவிக்கு மட்டும் இந்த நியாயம் ஏன் பொருந்தாது? இன்னொரு வேடிக்கையையும் காணுங்கள். தகுதி பார்க்கும்போது சம்பளம் தரப்பட்ட நாளை மட்டும் எண்ணுகிறார்கள். சம்பளமில்லாத ஞாயிறு அதில் சேராது. உதவித் தொகையைக் கணக்கிடும்போதோ 730ஆல் வகுக்கிறார்கள். அதாவது இரண்டாண்டின் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து வகுக்கிறார்கள். வாங்கும்போது ஒரு படி, அளக்கும்போது ஒரு படி என்று வைத்திருக்கும் கடைக்காரரை நாம் என்னவென்று சொல்வோம்?

ஏடு யார் கையில்?

உழைத்தேன் என்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. 2002இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 240 நாளை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையதே என்று கூறியது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கிறது? சம்பளப் பட்டியல் யாரிடம் இருக்கிறது? இரண்டும் முதலாளியின் அலமாரியில்தான் பூட்டிக்கிடக்கின்றன. சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் இருப்பதைக் காட்டு என்று கேட்பது என்ன நியாயம்?

இதை உணர்ந்துதான் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமே விளக்கம் தந்தது. தொழிலாளி நேரில் சாட்சி சொல்லி, பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டு, தன் பொறுப்பை நிறைவேற்றலாம் என்றது. இ.எஸ்.ஐ. தொடர்பாகவும் நல்லதொரு தீர்ப்பு வந்தது. முதலாளி சந்தா கட்டத் தவறியதால் தொழிலாளியின் காப்பு அற்றுப் போகாது என்பது அதன் சாரம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆம் பிரிவும் இதற்கு வழி செய்திருந்தது. முதலாளியின் தவறால் தொழிலாளிக்கு உதவி தடைப்பட்டால், கழகம் உதவியைத் தந்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது அப்பிரிவு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றுவிட்டது. பெயர் மாறினாலும் அந்தப் பழைய நியாயம் மாறிவிடக் கூடாது.

கடல் கடந்த ஒரு பாடம்

நாம் நாளை எண்ணுகிறோம். கனடா நாட்டில் மணியை எண்ணுகிறார்கள். அங்கே 1940ஆம் ஆண்டிலேயே வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. முன்பு வாரங்களை எண்ணினார்கள். வாரத்துக்கு 15 மணி வீதம் 20 வாரம் வேலை செய்தவர், அதாவது 300 மணி உழைத்தவர், எந்தப் பகுதியிலும் தகுதி பெற முடிந்தது. 1996இல் சட்டத்தைத் திருத்தி, 1997 முதல் மணிக்கணக்கைக் கொண்டு வந்தார்கள். வாரத்துக்கு 35 மணி என்று வைத்துப் பெருக்கியதால், அந்தந்தப் பகுதியின் வேலையின்மை அளவுக்கேற்ப 420 மணி முதல் 700 மணி வரை தேவைப்பட்டது.

இதில் அடிபட்டவர்கள் யார்? குழந்தையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு பகுதிநேர வேலைக்குப் போன பெண்கள். அப்படிப்பட்ட செவிலியர் ஒருவர் மகப்பேற்றுக் காலத்தில் இதே காப்பீட்டிலிருந்து உதவி கேட்டார். தேவை 700 மணி. அவருக்கு 33 மணி குறைந்தது. உதவி மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. இவ்விதி பெண்களிடம் வேற்றுமை காட்டுகிறது என்று முறையிட்டார். 2001இல் மேல்முறையீட்டு நடுவர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் 2003இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது.

இதிலிருந்து நான் கற்பது இரண்டு. எண்ணை எதிர்த்து, ‘இரக்கம் காட்டுங்கள்’ என்று முறையிட்டால் வெற்றி அரிது. தீர்ப்பு சொல்பவர் நல்லவராக இருந்தாலும் சட்டத்தில் எழுதிய எண்ணைக் குறைக்கும் அதிகாரம் அவருக்கில்லை. எண்ணியது தவறு, இன்னும் இத்தனை நாள் சேர வேண்டும் என்று காட்டினால் வெற்றிக்கு வழியுண்டு. இது முதற்பாடம். எண்ணே தவறானது என்றால் அதை மாற்றச் சட்டமன்றத்தையும் மக்கள் மன்றத்தையும்தான் நாட வேண்டும் என்பது இரண்டாவது பாடம். முறையீடு தனி மனிதரின் கருவி. சட்டத் திருத்தம் அனைவரின் கடமை.

எதிர்வாதங்கள்

என் கருத்தை நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது மூன்று மறுப்புகள் எழுந்தன.

“எங்கேனும் ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்?” என்றான் ஒருவன். உண்மை. தேர்வில் தேர்ச்சிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ஆனால் தேர்வில் மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு உண்டு, விடைத்தாளை நகலெடுத்துப் பார்க்கவும் வழியுண்டு. ஒரு மதிப்பெண் குறைந்தவன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட நாம் வரிசையில் நிற்கிறோம். அதே உரிமையை 5 நாள் குறைந்த தொழிலாளி பயன்படுத்தினால் மட்டும் வம்பு செய்கிறார் என்கிறோம். மேலும் கோடு சுவராக இருக்க வேண்டியதில்லை; படிக்கட்டாகவும் இருக்கலாம். 1911ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்திலேயே ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி என்று விகிதம் வகுத்திருந்தார்கள். 78 நாளுக்கு 90 நாள் உதவி என்றால், 60 நாளுக்கு 60 நாள் உதவி என்று ஏன் வகுக்கக் கூடாது?

“எளிதாகக் கொடுத்தால் சோம்பேறிகள் பெருகுவார்கள்” என்றான் இன்னொருவன். கூலியில் பாதி, அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும், அதுவும் வாழ்நாளில் ஒருமுறை என்பதே 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் அமைப்பு. இதை நம்பி வேலையை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரும் தொழிலாளியை நான் இதுவரை கண்டதில்லை. கண்டவர்கள் சொல்லட்டும்.

“நிதி எங்கிருந்து வரும்?” என்றாள் பொருளியல் நன்கு படிக்கும் தோழி ஒருத்தி. இஃது ஆராய வேண்டிய கேள்வி. இங்கே கேட்கப்படுவது தானமன்று. 2019 ஜூலையில் சந்தா விகிதம் முதலாளிக்கு 3.25, தொழிலாளிக்கு 0.75, ஆக 4 விழுக்காடு என்று குறைத்து அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு அது 6.5 விழுக்காடாக இருந்தது. சந்தாவைக் குறைக்க இடமிருந்த நிதியில், சந்தா கட்டியவருக்கு உதவி தரவும் இடமிருக்க வேண்டும் என்பதே என் விடை.

செய்ய வேண்டியவை

ஆகவே நான் முன்வைக்கும் கருத்துகள் நான்கு.

முதலாவது, சம்பளம் தரப்பட்ட நாள் அனைத்தும், முதலாளி வேலை தராமல் நிறுத்திய நாளும், உழைத்த நாளாக எண்ணப்பட வேண்டும்.

இரண்டாவது, எத்தனை நாள் பதிவாகியிருக்கிறது என்பது மாதந்தோறும் தொழிலாளிக்குத் தமிழில் தெரிவிக்கப்பட வேண்டும். கைப்பேசிக்கு விளம்பரம் ஆயிரம் வருகிறது. இந்த ஒரு செய்தி வரக்கூடாதா? வேலை போன பிறகு குறையைக் கண்டுபிடிப்பதைவிட, வேலை இருக்கும்போதே கண்டுபிடிப்பது எல்லோருக்கும் எளிது.

மூன்றாவது, நாள் குறைவு என்று மறுக்கும்போது, எந்தெந்த மாதத்தில் எத்தனை நாள் என்ற பட்டியலையும், எங்கே, எப்படி, எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்பதையும் அதே தாளில் எழுதித் தர வேண்டும். முறையீட்டுக்கு ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மெய்ப்பிக்கும் ஏட்டை முதலாளி கொண்டுவராவிட்டால் தொழிலாளியின் சொல்லையே ஏற்க வேண்டும்.

நான்காவது, குறைந்த நாளுக்குக் குறைந்த உதவி என்னும் படிமுறை வேண்டும்.

இவற்றில் கடைசி ஒன்றுக்கே புதிதாகப் பணம் வேண்டும். மற்ற மூன்றுக்கும் வேண்டியது மனம் மட்டுமே.

நமக்கென்ன?

இது ஆலைத் தொழிலாளியின் கதை. கலைக்கல்லூரி மலரில் இதற்கென்ன வேலை என்று யாரேனும் நினைக்கலாம். நம் வகுப்பறையைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். மாலையில் ஜவுளிக்கடையில் நிற்பவர்கள் எத்தனை பேர்? முகூர்த்த நாளில் பந்தி பரிமாறப் போகிறவர்கள் எத்தனை பேர்? இரவில் இருசக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? செயலி வழியே வேலை செய்வோரைப் பற்றி 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு முதன்முறையாகப் பேசியிருக்கிறது. நாளை அவர்களுக்கும் உதவி என்று ஒன்று வரும்போது, அவர்களிடமும் ஒரு கணக்குக் கேட்கப்படும். எத்தனை நாள்? எத்தனை மணி? ஆர்டருக்காகத் தெருமுனையில் காத்திருந்த நேரம் அதில் சேருமா, சேராதா? இன்று தொழிலாளியின் ஏழு நாளுக்காக நாம் பேசாவிட்டால், நாளை நம் ஏழு மணிக்காகப் பேச யாரும் இருக்கமாட்டார்கள்.

நம் மாநிலத்தில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. நோக்கம் உயர்ந்தது. ஆனால் ‘தொடர்ந்து’ என்பதை உடைக்க இடையிடையே ஆளை நிறுத்திவைத்துப் பெயரை மாற்றி எழுதும் தந்திரமும் உடன் பிறந்தது. எண் எங்கே இருக்கிறதோ அங்கே எண்ணுபவனின் நேர்மையும் வேண்டும். எண்ணப்படுபவனின் விழிப்பும் வேண்டும். நேர்மையைச் சட்டத்தால் ஓரளவு வரவழைக்கலாம். விழிப்பைக் கல்வியால்தான் வரவழைக்க முடியும்.

நம் கல்லூரிக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். நம் வீடுகளில் படிக்கத் தெரிந்தவர்கள் நாம்தாம். இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒவ்வொருவரும் தந்தையின், தாயின், அண்ணனின் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் பதிவு என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம். சாலையைத் துப்புரவு செய்கிறோம். அதே முகாமில் ஒரு மேசையைப் போட்டு, மறுக்கப்பட்டவர்களுக்கு முறையீடு எழுதித் தரும் பணியையும் சேர்த்துக்கொள்ளலாம். பொருளியல் துறையும் தமிழ்த்துறையும் கைகோத்தால் கணக்கும் சரியாக இருக்கும், கடிதமும் சரியாக இருக்கும். துறைத்தலைவர்கள் இசைந்தால் முதல் மேசையில் அமர நான் ஆயத்தமாக இருக்கிறேன். உடன் வருவோர் யார்?